பதிமூன்று மாஸ்க்

அந்தப் படகில் அவளை எல்லாரும் மாஸ்க் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். திமிங்கலச் சுறா பார்க்க வருகிறவர்களின் மூஞ்சியை ஒரு தரம் பார்த்தால் போதும், யாருக்கு எந்த அளவு நீச்சல் மாஸ்க் என்று சொல்லிவிடுவாள். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க ஷாம்பூ தேய்ப்பது, முடி சிக்காமல் பட்டையை மாட்டிவிடுவது, திரும்பி வந்ததும் தொட்டியில் போட்டுக் கழுவுவது என்று பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. அந்த மீனை அவள் தண்ணீருக்குள் பார்த்ததே இல்லை. புள்ளி போட்ட முதுகு ஒன்று பஸ் நீளத்துக்குப் படகை ஒட்டி நகரும். நீச்சல் தெரியாதவளுக்கு அது போதாதா என்பாள்.

பவளப்பாறைப் பக்கம் ஆட்களைத் தண்ணீருக்குள் கூட்டிப்போய், எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் ஏறுகிறவன் அவள் தம்பி. அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தவளே அவள்தான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அவன் மாஸ்க் பட்டை அறுந்தபோது பழைய ஜீன்ஸ் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்தாள். புதுசு எடுத்துக்கொள் என்று யார் சொன்னாலும் அவன் கேட்கமாட்டான்.

ஆள் எண்ணுவதும் அவள் பொறுப்பு. சும்மா சொல்லக்கூடாது, படகில் ஆளை எண்ணுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒருவர் கம்பியைப் பிடித்து வாந்தி எடுப்பார், ஒருவர் கக்கூஸில் இருப்பார், புதுசாகக் கல்யாணமான ஜோடி இடம் மாறி மாறிப் போட்டோ எடுக்கும். அதனால் அவள் மாஸ்க்கை எண்ணுவாள். வந்தவர்கள் பன்னிரண்டு, தம்பி ஒருத்தன். தொட்டியில் பதிமூன்று விழுந்தால் எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று கணக்கு. ஒரு நாளும் தப்பியதில்லை.

அன்றைக்கு மீன் கிட்டே வந்த நேரம் பார்த்து ஒரு பெரியவரின் மாஸ்க் பட்டை அறுந்துவிட்டது. ஆசை ஆசையாக வந்த மனுஷன், முகம் வாடிப்போய் மிதந்தார். தம்பி தன் மாஸ்க்கைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டு, அறுந்ததைப் படகுக்குள் எறிந்தான். அது நேராகத் தொட்டியில் போய் விழுந்தது. அக்கா அந்தப் பக்கம் மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். எதையும் பார்க்கவில்லை.

இன்னொரு மீன் தெற்கே நிற்கிறது என்று ரேடியோவில் சத்தம் வந்தது. வந்தவர்கள் அடித்துப்பிடித்து ஏறினார்கள். டிரைவர் இஞ்சினில் கை வைத்துக்கொண்டு, "அக்கா, சரியா?" என்று கேட்டார். நுரைக்குள் கைவிட்டு எண்ணினாள். பதிமூன்று. அதில் ஜீன்ஸ் ஒட்டுப்போட்ட பட்டையும் கையில் தட்டுப்பட்டது. வழக்கம்போல முன்பக்கம் போய்ப் படுத்திருப்பான் என்று நினைத்தாள்.

"சரி" என்றாள்.

அடுத்த இடத்தில் தம்பியைக் கூப்பிட்டபோது பதில் இல்லை. பெரியவர்தான் சொன்னார், அந்தப் பையன் தன்னுடையதைக் கொடுத்தானே என்று. படகு திரும்பிப் போனபோது அங்கே வெறும் தண்ணீர். நன்றாக நீந்தத் தெரிந்தவன்தான். நீரோட்டத்துக்கு அது தெரியவேண்டுமே! மறுநாள் பாறை விளிம்பில் கிடைத்தான்.

தானாகவே ஏதோ பார்க்க முங்கிப் போனான் என்று சொல்லிவிடலாம், நீ வாயைத் திறக்காதே என்றார் முதலாளி. அவளும் யாரிடமும் திறக்கவில்லை. ஆனால் காரியமெல்லாம் முடிந்த பிறகு, அந்த ஒட்டுப்போட்ட மாஸ்க்கை மடியில் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி பெண்டாட்டி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் முங்கிப் போகலம்மா. படகுல ஏறவே இல்ல. எண்ணிப் பாத்துச் சரின்னு சொன்னது நான்தான்."

அவள் திட்டுவாள், தலைமுடியைப் பிடிப்பாள் என்று அக்கா காத்திருந்தாள். அப்படியாவது செய்யட்டும் என்று இருந்தது. அவளோ மாஸ்க்கை வாங்கி முகத்தோடு வைத்து மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

"கழுவிட்டீங்களா அண்ணி?"

"கழுவிட்டேன்," என்றாள் அக்கா. "சரின்னு சொன்ன கையோட, முதல்ல கழுவினது இதத்தான்."