கௌரி கன்று ஈன்ற பகல்

நேற்று கல்லூரியிலிருந்து திரும்புகையில், ஒரு வீட்டு வாசலில் மாட்டுக்கு ஊறவைத்த பருத்திக்கொட்டையின் மணம் வந்தது. அது உங்களுக்கு எதை நினைவூட்டுமோ அறியேன். எனக்கு அக்காவின் கல்யாணம் நினைவுக்கு வந்தது.

மல்லேஸ்வரத்து வீட்டில் எங்கள் பசு கௌரி, அக்காவைத் தவிர வேறு யாரையும் அண்டவிடாது. அப்பாவை உதைப்பதில் அதற்குத் தனி விருப்பமே உண்டு. அப்போது அது நிறைசினை. முந்தைய ஈற்றுகள் எல்லாம் இரவில் நிகழ்ந்து அப்பாவின் தூக்கத்தைக் கெடுத்திருந்தன. தீனியை மாலையில் போட்டால் மாடு பகலில் ஈனும் என்று ஆபீசில் யாரோ சொல்ல, அவர் காலைத் தீனியை விளக்கேற்றும் வேளைக்கு மாற்றிவிட்டார். அன்றுமுதல் கௌரி காலையெல்லாம் கத்தியது. அப்பாவோ அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அசைபோடுவதை நிறுத்தினால் வேளை நெருங்கிவிட்டதென்று பொருளாம்.

அச்சமயத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அக்காவுக்குப் பாட வராது. அதனாலேயே முன்பு வந்த வரன்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் கைநழுவிவிடுமோ என்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் வரப்போவதும் பகலில்தான் என்பது மட்டும் அப்பாவுக்கு உறைக்கவே இல்லை.

வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். அப்பா விருந்தினரை விட்டுவிட்டு ஜன்னல் வழியே தொழுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு பாடுவாளா?" என்று பிள்ளையின் தாயார் கேட்டார்.

"அசைபோடறத நிறுத்திட்டா," என்றார் அப்பா.

அடுத்த நிமிடம், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா தொழுவத்தில் இருந்தாள். கன்றின் முன்னங்கால்கள் தெரிந்தன. அதற்கு மேல் அது நகரவில்லை. உதவ நெருங்கிய அப்பா வழக்கம்போல் உதை வாங்கினார். வாசற்படியில் வந்து நின்ற மாப்பிள்ளையை அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"சும்மா நிக்காதீங்க. இந்தக் கால புடிங்க. அவ முக்கும்போது மட்டும் இழுங்க, கீழ்ப்பக்கமா."

அவர்களுக்கிடையே நிகழ்ந்த முதல் உரையாடல் அதுதான். கௌரி அவரை உதைக்கவில்லை. அப்பா இன்றளவும் அதைத் தமக்கு நேர்ந்த அவமானமாகவே கருதுகிறார்.

கன்று வந்து விழுந்தது. எல்லாம் போயிற்று என்று அம்மா அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளையின் தாயார் உள்ளே வந்து அவளருகில் அமர்ந்தார்.

"ஏம்மா அழற? வீட்டுல ஒரு செம்புத் தண்ணி மொண்டு குடிக்க மாட்டான் இவன். உன் பொண்ணு இழுன்னா, இழுக்கறான். பாட்டு கீட்டெல்லாம் வேணாம். ஒண்ணு மட்டும், மாட்டையும் சேத்து அனுப்பிடு."

அனுப்பினோம். கல்யாணம் முடிந்த ஒரே வாரத்தில் அக்காவும் கௌரியும் கன்றும் பசவனகுடியில் இருந்த புகுந்த வீட்டுக்குப் போனார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டது யாருக்காக என்று அம்மா கேட்கவில்லை.

தொழுவத்துக்குச் சுவர் வைத்து, ஒரு குமாஸ்தாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். சாதுவான மனிதர். காலையில் பால்காரருக்காகப் பாத்திரத்தோடு வாசலில் நிற்கிறார். அவருக்குப் பின்னால், பாலை விலைக்கு வாங்கியே அறியாத என் அம்மாவும் நிற்கிறாள்.