பதினேழுக்குக் குரல் கொடுத்தவள்

அந்தப் பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் மடிப்பக்கா தேய்த்த மேசைவிரிப்பில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து இடுப்பொடியும். நம்பாதவர்கள் ஈயைத்தான் கேட்க வேண்டும். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. மடிப்பின் கூர்மையைப் பார்த்து யாரோ வைத்த இந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பேச்சிலும் அதே கூர்மை. மேனேஜருக்கு அது ஆகவில்லை.

தகராறு உருளையில் தொடங்கியது. ஈரப் படுக்கைவிரிப்பை உள்ளே இழுத்து, மொடமொடவென்று வெளியே தள்ளும் சூட்டு உருளை. கை மாட்டிக்கொள்ளாமல் இருக்க முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு உண்டு. வேலை வேகமாக நடக்கட்டும் என்று மேனேஜர் அதைக் கழற்றிவிட்டார்.

"தடுப்பை மாட்டுங்க சார், ஓட்டுறேன்."

"உன் கைக்கு அவ்வளவு கிராக்கியா?"

"எனக்கு இருக்கிறது ரெண்டு கைதான் சார். உங்களுக்குன்னா வேலை செய்ய எங்க இத்தனை பேர் கையும் இருக்கு."

கூடமே சிரித்தது. "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்று மேனேஜர் சொன்னதும், சிரித்த அத்தனை பேருக்கும் ஒரேயடியாகக் காது அடைத்துப்போயிற்று. பக்கத்தில் நின்ற தங்கைக்கு மட்டும் கேட்டது. அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள்.

இனி வருவது சின்னவளின் புத்திசாலித்தனம். காலை நேரத்தில் அந்தக் கூடத்தில் ஆவி எப்படி அடைத்திருக்கும் என்றால், யானை நுழைந்து தன் சட்டையைத் தேய்த்துக்கொண்டு போனாலும் தெரியாது. மேற்பார்வையாளர் வாசலில் நின்றபடியே எண்களைக் கூப்பிடுவார். உள்ளிருந்து "இருக்கேன்" என்று குரல் வந்தால் ஆள் வந்ததாகக் கணக்கு. பஸ்ஸைத் தவறவிட்டவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் குரல் கொடுப்பது அங்கே பாவமில்லை, கொடுக்காவிட்டால்தான் பாவம். அக்காவின் எண் பதினேழு; மேனேஜர் வாயால் சொன்னதோடு சரி, எண் இன்னும் பட்டியலில் இருந்தது. மேனேஜரின் கோபம் பால் மாதிரி, பொங்கி அடங்கிவிடும், அதுவரை அக்காவின் இடம் காலி என்று யாருக்கும் தோன்றக் கூடாது என்று நினைத்தாள் சின்னவள். அக்காவிடம்கூடச் சொல்லாமல், அந்த வாரம் முழுக்க "பதினேழு" என்றபோதெல்லாம் "இருக்கேன்" என்றாள். இருவருக்கும் ஒரே குரல். கதவுக்கு வெளியே நின்றால் பெற்றவளே குழம்புவாள்.

பால் அடங்கவில்லை. அக்கா, தங்கையையும் கூட்டிக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனாள்.

"வழி இல்லாம இல்லம்மா. முதல்ல தொழிலாளர் அலுவலர்கிட்ட மனு கொடுப்போம். ரெண்டு பக்கத்தையும் உட்கார வச்சுப் பேசுவார். அங்க முடியலைன்னா தொழிலாளர் நீதிமன்றம். வருஷக்கணக்கா இழுக்கும், ஆனா நின்னு பார்க்கலாம். வேலை வேண்டாம், ஏதாவது வாங்கிட்டு விலகிக்கிறேன்னா சமரசமும் பேசலாம்."

"எனக்கு வேலைதாம்மா வேணும். எனக்கு வேற என்ன தெரியும்?"

மனு போனது; ஓட்டலின் பதிலும் வந்தது. நாங்கள் யாரையும் நிறுத்தவில்லை. நிறுத்தியதாக அவர் சொல்லும் நாளுக்குப் பிறகும் ஒரு வாரம் வேலைக்கு வந்தார், பிறகு தானாகவே நின்றுவிட்டார். மேற்பார்வையாளரே சாட்சி.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது? போனீங்களா?"

அக்கா விழித்தாள். சின்னவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். "நான்தாம்மா குரல் கொடுத்தேன்."

வக்கீலம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சின்னவளைப் பார்த்துச் சொன்னார்: "இதை நீங்க அங்க வந்து சொன்னா அக்கா வழக்கு நிக்கும். ஆனா ஏமாத்தினேன்னு உங்களை வெளியே அனுப்பிடுவாங்க. அதுக்கப்புறம் உங்களை நான் காப்பாத்துவேன்னு வாக்குக் கொடுக்க முடியாது."

சின்னவளுக்கு இரண்டு பிள்ளைகள். புருஷன் படுத்த படுக்கை. அக்காவின் தட்டிலும் இப்போது அந்த ஒரு சம்பளத்துச் சோறுதான்.

"நான் சொல்லிடுறேன்க்கா" என்றாள் வரும் வழியில்.

"சொல்லேன். வாய்தான் உனக்கு வாரம் முழுக்கத் திறந்தே இருந்துச்சே."

"கிண்டல் பண்ணாதக்கா."

விசாரணை நாளில் மேனேஜர் எதிர் நாற்காலியில் இருந்தார். அவர் சட்டைக் கையின் மடிப்பு கோணலாக ஓடியிருந்தது. அதைப் பார்த்ததில் அக்காவுக்கு ஒரு நொடி சந்தோஷம். அன்றைக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

"அந்த வாரம் வேலைக்குப் போனீங்களா?" என்று கேட்டார் அலுவலர்.

பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. சின்னவள் எழுந்துகொண்டிருந்தாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"போனேன் சார்."

"அப்போ நீங்களாத்தான் நின்னீங்களா?"

"ஆமா சார். உடம்புக்கு முடியல."

வக்கீலம்மா பேனாவை மூடினார்.

வெளியே படியில் சின்னவள் அழுதாள். "ஏன்க்கா இப்படிப் பண்ணின?"

"ரெண்டு பேரும் வீட்ல உட்கார்ந்தா நாளெல்லாம் உன் மூஞ்சியை இல்ல நான் பார்க்கணும்? அது பார்க்கிற மாதிரியா இருக்கு?"

சின்னவள் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை.

"உருளைக்குத் தடுப்பு மாட்டிட்டாங்களா?"

"இல்லக்கா."

அக்கா தங்கையின் இரண்டு கைகளையும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் படி இறங்கினாள்.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் வாசலில் வந்து நின்றார். "பதினாறு" என்றார், பதில் வந்தது. "பதினேழு" என்றார். பழக்கத்தில் சின்னவளின் வாய் திறந்தது. அவளுக்குக் குரல் எழும்புவதற்குள், உருளை இருக்கும் மூலையிலிருந்து, ஆவிக்கு நடுவே, புதிதாக வந்த யாரோ ஒரு சின்னப் பெண் "இருக்கேன்" என்றாள்.