நாலாம் அறைக்கு ஓர் ஆணி

நான் கழற்றியதால்தான் பழுதானது என்று மாமி சொன்னார். ஒருமுறை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். கிணற்றடியில் சொன்னார், குசினியில் சொன்னார், வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தியும் சொன்னார்.

"கிளிநொச்சியில நல்லாத்தானே ஓடினது. இவள் வயித்தைக் கிழிச்சாப் பிறகுதான் இந்தக் கோலம்."

வயிறு கிழிக்கப்பட்டது மாமாவின் ரிவி கேம், ரிவியில் கொழுவி விளையாடுகிற பெட்டி. மாமி அப்பாவின் தங்கை, மாமா லொறிக்காரர். கொழும்புக்கு லோட் ஏற்றிப் போய்வந்த காலத்தில் அதையும் ஐந்து கசெற்றுகளையும் வாங்கி வந்தவர். பிள்ளைகளுக்கு என்று சொல்லித்தான் வாங்கினார். ஆனால் கிளிநொச்சி வீட்டில் ஜெனரேற்றர் ஓடும் நேரமெல்லாம் விளையாட்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருந்தது அவர்தான். மலை மலையாய் ஏறிப் போகிற கசெற் ஒன்று இருந்தது. ஏழாம் மலையில் நின்றபோது சண்டை வந்து இடம்பெயர வேண்டி வந்தது. அதை அவர் வீட்டை விட்டு வந்த கவலையோடு சேர்த்தே சொல்வார்.

அக்கராயனில் ஒரே வளவில் இரண்டு கொட்டில்கள் போட்டிருந்தோம், ஒன்று அவர்களுடையது, மற்றது எங்களுடையது. டீசல் இல்லாத லொறி மரத்தின் கீழ் நின்றது. ரிவி கேம் இரண்டு வருடமாய் மாமியின் சீலைப் பெட்டிக்குள் கிடந்தது. நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். கையைச் சும்மா வைத்திருக்க எனக்குத் தெரியாது. எடுத்தேன், கழற்றினேன், கரப்பான் முட்டைகளைத் தட்டினேன், மாமாவின் சின்ன ரிவியோடு லொறியின் பற்றறியில் கொழுவினேன். ஓடியது.

ஐந்தில் மூன்று ஓடின. ரெனிஸ், மோட்டார் சைக்கிள், விமானம். விமானத்தை மட்டும் சத்தத்தை முழுக்கக் குறைத்துத்தான் விளையாடலாம்; முதல்நாள் அந்த இரைச்சலுக்குப் பக்கத்து வளவுக்காரர் குண்டுவீச்சு என்று நினைத்துப் பங்கருக்குள் இறங்கிவிட்டார்கள். வாள் சண்டைக் கசெற் போட்டால் உடைந்த எழுத்துகள். மலையைப் போட்டால் வெறும் சாம்பல் திரை.

மாமா அந்தச் சாம்பலை விரலால் துடைத்துப் பார்த்தார். "வாள் போனாப் போகட்டும் பிள்ளை," என்றார். "மலை போகலாமோ?"

மாமி என் ஸ்குறூ டிறைவரைப் பறித்துத் தையல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஸ்கந்தபுரத்தில் றேடியோ திருத்துபவர் ஒருவர் இருந்தார். மாமா சைக்கிளில் போய் விசயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். பெட்டியைக் கண்ணால் காணாமலே அந்த மனிசன் தீர்ப்புச் சொல்லியிருந்தார்: உள்ளே ஐசி போய்விட்டது, பெட்டையள் கைவைச்சால் அப்பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரட்டாம். கூலியாக அவர் கேட்டது மின்சாரம் அளக்கிற என் மீற்றரை.

"அது அப்பான்ர மீற்றர்," என்றேன்.

"பழுதாக்கினது ஆர்?" என்றார் மாமி. "அப்பாவோ?"

அப்பா வயறிங் வேலை செய்த காலத்து மீற்றர் அது. ஊசி ஆடுகிற பழைய வகை. வோல்ற் அளப்பதற்கு அதற்கு ஒன்றும் தேவையில்லை. ஒரு வயரோ ஒரு காலோ தொடுப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் உள்ளே பென்ரோச் பற்றறி வேண்டும். வவுனியாவிலிருந்து பற்றறி வர ஆமி விடுவதில்லை. ஆகவே என் மீற்றருக்குப் பாதிக் கண்தான். அந்தப் பாதிக் கண்ணையும் பறித்துவிட்டால் நான் இனி எதைத் திறந்தாலும் குருட்டுத்தனம். இனி யார்தான் என்னிடம் ஒரு றேடியோவை நம்பித் தருவார்கள்?

"ஞாயிறு வரைக்கும் தவணை தாங்கோ மாமா," என்றேன். "நான் கழட்டினதால பழுதாகேல்லை. அதைக் காட்டுறன்."

"எதால காட்டுவாய்? நகத்தாலயோ?" என்றார் மாமி.

நகத்தால் இல்லை. பழைய சைக்கிள் கம்பி ஒன்றின் நுனியைக் கல்லில் வைத்துத் தட்டிச் சப்பையாக்கி உரஞ்சினேன். ஸ்குறூவுக்குக் கச்சிதமாய் இருந்தது.

மாமியின் மகள், என் மச்சாள், என்னைவிட ஒரு வயது இளையவள். உதவிக்கு வந்தாள், உதவியைவிட வாய்தான் கூட. முதலில் வாயால் ஊதினோம். பிறகு அழிறப்பரால் கசெற்றின் செம்புக் கால்களைத் தேய்த்தோம். பிறகு மாமியின் ஓடிக்கொலோன் போத்தலைக் களவாய் எடுத்துத் துணியில் நனைத்துத் துடைத்தோம். சாம்பல் திரை அப்படியே இருந்தது. வாசம் மட்டும் வளவு முழுக்கப் போனது.

"இப்ப கேமும் போச்சு, ஓடிக்கொலோனும் போச்சு," என்றாள் மச்சாள். "அம்மா மணந்து பிடிச்சா எண்டால் மீற்றரோட உன்னையும் சேர்த்துத்தான் ஸ்கந்தபுரத்துக்குக் குடுப்பா."

பற்றறியையும் நான் முதல்நாளே அளந்திருந்தேன். ஆறு வோல்ற்றுக்கு ஒரு முடி மேலே. நல்ல பற்றறி. அதனால் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் றேடியோ கேட்பது எப்படி என்று சொன்னால்தான் விளங்கும். றேடியோவுக்கு நாலு ரோச் பற்றறி, மொத்தம் ஆறு வோல்ற். ரோச் பற்றறி கிடையாது. லொறிப் பற்றறி பன்னிரண்டு வோல்ற். அதில் ஆறு அறை, அறைக்கு இரண்டு. ஆகவே மேலே உள்ள தாரைக் கிளறி, மூன்றாம் அறை முடிகிற இடத்தில் ஈயத்தில் ஓர் ஆணியை அடிப்போம். ஆணியில் வயர் கொழுவினால் பாதி, ஆறு வோல்ற். அக்கராயனில் அப்படி ஆணி இல்லாத பற்றறியை நான் கண்டதில்லை. ரிவிக்கு முழுப் பற்றறி, மற்ற எல்லாவற்றுக்கும் மூன்றாம் அறை ஆணி. ரிவி கேமையும் நான் யோசிக்காமல் அந்த ஆணியில்தான் கொழுவினேன். அதன் முதுகில் ஒன்பது வோல்ற் என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் கொழுவினேன். கூடக் கொடுத்தால் எரிந்துவிடும் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் பயம். குறையக் கொடுப்பதற்கு யாரும் பயந்ததில்லை. எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டே பழகிவிட்டோம்.

சனிக்கிழமை மத்தியானம். மாமா பற்றறியைச் சார்ஜ் போட்டு சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். அடுத்தநாள் அதே கரியரில் பெட்டியும் மீற்றரும் போகும். நான் இரண்டு கசெற்றுகளைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தபடி இருந்தேன். ரெனிஸ் லேசு. மலை பாரம்.

"என்ன, நிறுத்து விக்கப் போறியோ?" என்றாள் மச்சாள்.

கம்பியை எடுத்து இரண்டையும் திறந்தேன். ரெனிஸின் உள்ளே கறுப்புப் பூச்சி மாதிரி இரண்டு ஐசி. மலையின் உள்ளே நாலு. மற்றவற்றையும் திறந்தேன்: வாளிலும் நாலு. விமானத்தில் இரண்டு.

நிவாரண அரிசி வாங்குகிற யாருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரே அளவு அரிசி, இரண்டு பேர் சாப்பிட்டால் காணும், நாலு பேர் சாப்பிட்டால் காணாது.

பெட்டியையும் திறந்தேன். மின்சாரம் உள்ளே வருகிற இடத்தில் மூன்று கால் உள்ள உறுப்பு ஒன்று, அதில் எழுதியிருந்த இலக்கத்தின் கடைசி 05. வருவது எதுவானாலும் ஐந்து வோல்ற்றாக்கி வெளியே விடுவது அதன் வேலை. பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். படிக்காத பகுதி ஒன்றும் இருந்தது, அல்லது படித்து மறந்திருந்தேன்: அந்த ஐந்தைத் தருவதற்கு அதற்கு இரண்டு வோல்ற்றாவது கூட வேண்டும், அதாவது ஏழு; நான் கொடுத்தது ஆறு.

ரெனிஸைப் போட்டு, வெளியே வருகிற காலில் மீற்றரை வைத்தேன். நாலரைக்கு ஒரு மயிரிழை கீழே. மலையைப் போட்டேன். ஊசி நாலை நோக்கி இறங்கியது.

பாதிக் கண்ணுக்கு அது போதும்.

"மாமா," என்று கூப்பிட்டேன். "சுத்தியலைக் கொண்டு வாங்கோ."

சுத்தியல் என்ற சொல்லுக்கு மாமிதான் முதலில் வந்தார். "சுத்தியலோ? இனி என்னத்தை உடைக்கப் போறாய்?"

"ஆணி அடிக்கப் போறன் மாமி. நாலாம் அறையில."

மாமா கணக்குப் போட்டார். "அது எட்டு வோல்ற்றெல்லே. கூடிச்செண்டால்?"

"முதுகில ஒன்பது எண்டு கிடக்கு. எட்டுக்கு எரியாது."

"எரிஞ்சால்?"

"எரிஞ்சால் நாளைக்கு மீற்றரைக் கொண்டுபோங்கோ. நானே துடைச்சுத் தாறன்."

தாரைக் கிளறினேன். ஈயம் மினுங்கியது. இரண்டு அடியில் ஆணி இறங்கியது. வயரை மூன்றாம் அறையிலிருந்து கழற்றி நாலாம் அறையில் சுற்றினேன். மீற்றரை முதலில் அந்தக் காலில் வைத்தேன். ஊசி ஐந்தில் போய் நின்றது. மலையைப் போட்டேன். அசையவில்லை, ஐந்திலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் ரிவியைப் போட்டேன்.

மலை வந்தது. அடியில் சின்ன மனிசன், மேலே மூன்று முகில், ஓரத்தில் எழுத்துகள், ஒன்றும் உடையாமல்.

மாமா நான் திருப்பிக் கொடுத்த சுத்தியலைக் கையில் வைத்தபடியே சம்மணம் கட்டி இருந்துவிட்டார். கட்டையை நான்தான் அவருடைய மடியில் வைத்தேன். மச்சாள் வாள் கசெற்றைக் கையில் வைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்து நின்றாள்.

மாமி விடவில்லை. விடுவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. "அப்ப முதல் வயரைப் பிழையான ஆணியில கொழுவினது ஆர்?"

ஸ்கந்தபுரத்து ஆளில் பழியைப் போடலாம். பற்றறியில் போடலாம். "நான்தான்," என்றேன். "பிழை என்ர. ஆனால் கழட்டினதால இல்லை. கழட்டினபடியால்தான் கண்டுபிடிச்சனான். இனியும் கழட்டுவன்."

"வாயைப் பார்," என்றார் மாமி யாருக்கோ.

அதற்குள் மாமா முதலாம் மலையிலேயே விழுந்து செத்தார். "ஏழாம் மலைக்காரராம்," என்றாள் மச்சாள். மாமா காது கேளாதவர் மாதிரி திரும்பத் தொடங்கினார்.

மாமி உள்ளே போனார். தையல் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. ஸ்குறூ டிறைவரைக் கொண்டுவந்து பற்றறிக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தார். கையில் தரவில்லை. "அந்தக் கம்பியால ஸ்குறூத் தலையெல்லாம் கிழிச்சுப்போட்டாய். இதால ஒழுங்காப் பூட்டி வை." இரண்டடி போனவர் நின்று காற்றை மணந்தார். "ஆரடி என்ர ஓடிக்கொலோனை எடுத்தது?"

மச்சாள் என்னைக் காட்டினாள்.

ஸ்குறூ டிறைவரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பெட்டியைப் பூட்டவில்லை. மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மாமா இரண்டாம் மலை ஏறுகிற நேரத்தில் அந்த மூன்று கால் உறுப்பு எவ்வளவு சூடாகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.