எந்த ஃபேக்கல்ட்டி?

“அவுக எந்த ஃபேக்கல்ட்டி? எந்த ஸ்கூலு?” தீக்ஷா போனில் யார் பெயரைச் சொன்னாலும் முத்தப்பன் முதலில் கேட்பது இதைத்தான். ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் மண்ணியல் ஆராய்ச்சி செய்கிறாள் மகள்.

காரைக்குடியில் வீட்டின் முன்பகுதியில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் இவர், அந்தப் பல்கலைக்கழகத்தைத் தன் வழியில் புரிந்துகொண்டுவிட்டார். ஃபேக்கல்ட்டி என்பது நகரத்தாருக்குக் குலத்தைச் சொல்லும் கோவில் மாதிரி. அதற்குள் இருக்கும் ஸ்கூல், பிரிவு. ஒரே கோவில், ஒரே பிரிவு என்றால் பங்காளி. பங்காளிக்குள் கல்யாணப் பேச்சே இல்லை. ஆகவே மண்ணியல் ஸ்கூலில் படிக்கும் ஆண்கள் அத்தனை பேரும் தீக்ஷாவுக்கு அண்ணன் தம்பிகள். இதை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டால் கோபம் வரும்.

மற்ற ஃபேக்கல்ட்டிகளை, அதிலும் சட்டத்தை, நினைத்தால்தான் தூக்கம் போய்விடும். “லாவுல ஒரு பய பேரு ரெண்டு தடவ வந்துருச்சு தம்பி,” என்றார் போன மாதம் என்னிடம், உடம்பில் கட்டி கண்டவர் குரலில்.

இவருடைய தாத்தா, ஐயா என்பார், மீசை முளைக்குமுன் பர்மாவுக்குக் கப்பலேறியவர். பேரனான இவரோ மகளை வழியனுப்ப மதுரை விமான நிலையம் வரை போய், காரைவிட்டு இறங்காமலே திரும்பியவர்.

இன்று காலைச் செய்தியில் அந்தப் பல்கலைக்கழகம் வந்தது. மாணவர் கலவரம், கல்வீச்சு, வளாகம் மூடல். தீக்ஷாவின் போன் அணைந்து கிடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து நான் போனபோது ஒரு பீங்கான் சாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்; துடைத்த இடத்தையே துடைத்தார்.

“கல்லெறியெல்லாம் லா பக்கந்தான். இவ அங்குட்டுப் போகமாட்டா.”

“யார் சொன்னது?”

“சும்மா இருங்க தம்பி. இவ ஸ்கூல்ல அம்புட்டுப் பேரும் பங்காளிக. விட்டுருவாகளா?”

உள்ளேயிருந்து அவர் மனைவி மெய்யம்மை ஆச்சி சொன்னார்: “பங்காளிகள நம்பித்தான் நம்ம வீடு கோர்ட்டுல கெடக்கு. பேசாம போனைப் பாருங்க!”

சிரிக்கப் பார்த்தார். சாடியின் மூடியைத் தலைகீழாக வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தார்.

போன் ஒலித்தது. வெளிநாட்டு எண். ஸ்பீக்கரில் ஓர் இளைஞன் மூச்சு வாங்க ஆங்கிலத்தில் பேசினான். தீக்ஷா பத்திரமாக இருக்கிறாள். ஓடும்போது அவள் போன் விழுந்துவிட்டது. அவனுடைய ஃபேக்கல்ட்டி நூலகத்துக்குள் எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். பின்னால் எங்கோ கண்ணாடி உடைந்தது. “அப்பச்சி…” என்று தகப்பனைக் கூப்பிடும் தீக்ஷாவின் குரல் கேட்டது. மறுபடி அவனே பேசினான்: பயப்படாதீர்கள், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

“தம்பி, நீங்க எந்த…” என்று தொடங்கிய முத்தப்பன், போன் பிடிக்காத கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.