பெயிண்ட் சுரண்டியவர்

"கணினிப் பெட்டி மூடப்பட்டது; வானொலி தெளிந்தது." 1990-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் நான் எழுதிய வரி இது.

கள்ளக்குறிச்சியில் ஒரு டீக்கடை மாடியில் எங்கள் கணினி வகுப்பு நடந்தது. சூடு தணிய, கணினியின் தகர மூடியைக் கழற்றி எதிரே மின்விசிறி வைத்திருந்தோம். கணினி ஓடினால் கீழே ரேடியோ கொரகொரக்கும். இடஒதுக்கீட்டுப் போராட்டச் செய்தி கேட்கக் கூட்டம் கூடிய நாட்கள் அவை. கட்டடமும் டீக்கடைக்காரருடையதுதான்.

"இன்னிக்கும் ரேடியோ கத்துச்சுனா காலி பண்ணிடுங்க வாத்தியாரே" என்றார்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து மெக்கானிக் வந்தார். குட்டையானவர். திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார். மூடியை மாட்டியும் இரைச்சல் பாதிதான் குறைந்தது. உடனே கணினியை அணைத்து, மூடியைக் கழற்றி, விளிம்பிலிருந்த பெயிண்டை பிளேடால் சுரண்டினார்.

"புதுப் பெட்டிய இன்னாங்க பண்றீங்க?" வாத்தியார் பதறினார்.

"தகரமும் தகரமும் தொடணுங்க. நடுவுல பெயிண்ட் இருந்தா அந்தச் சந்துலயே இரைச்சல் வெளிய போவும்."

மூடியை மாட்டினார். கீழே செய்தி கணீரென்று ஒலித்தது, கைதட்டல் வேறு. வாத்தியார் உட்பட எல்லாரும் சிரித்துக்கொண்டே படியிறங்கி ஓடினோம். டீக்கடைக்காரர் மெக்கானிக்குக்குக் கையோடு இரண்டு வடை கொடுத்தார். வகுப்பு தப்பியது. அதன்பின் ரேடியோ கொரகொரத்தபோதெல்லாம் டீக்கடைக்காரர் எதிர் மாவு மில்லைத்தான் திட்டினார்.

மூடியை மாட்டிய பிறகு மெக்கானிக் கணினியை மறுபடி ஓடவிட்டாரா என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை. பெயிண்ட் சுரண்டியதால்தான் வானொலி தெளிந்தது என்பது இன்னும் உறுதிசெய்யப்படாத தகவல்.