அரவையில் இறங்கிய விபூதி

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வரிகள் கோணலாகப் போகும், ஒற்றெழுத்துகள் விட்டுப்போகும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நிலக்கரியைச் சோதிக்கும் சின்ன ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்குக் கரி அரைக்கும் வேலை. அந்தத் தூளை ஃபர்னஸில் எரித்து, எவ்வளவு சாம்பல் மிஞ்சுகிறது என்று எங்கள் கெமிஸ்ட் மேடம் எடைபோடுவார். அவர் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருபவர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு டப்பா கரி வந்தது. ஒரே குவியலைப் பங்கு பிரித்துப் பல நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் சோதித்து விடை சொல்ல வேண்டும். எங்கள் விடை மற்றவர்களோடு ஒத்துப்போனால் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுக் கரி எங்களிடம் வரும், இல்லையென்றால் கூடத்தை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பயம் ஒரு பக்கம் இருந்தாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் யாரோ ஒருவன் இதே கரியை அரைத்துக்கொண்டிருப்பான் என்ற நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை.

ஆயுத பூசைக்கு மறுநாள் இரண்டு பங்கு அரைத்துக் கொடுத்தேன். ஒரே கரி, விடையும் ஒன்றாக வர வேண்டும். முதல் பங்கில் சாம்பல் அதிகமாக வந்தது.

ஃபர்னஸ் பார்க்கும் நண்பன், "இன்னா மாமே, மண்ணையும் சேத்து அரைச்சுகினியா?" என்றான். நான் போய் மேடத்தைக் கூப்பிட்டேன்.

மேடம் வந்து அரவை இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார். கரி கொட்டும் புனலுக்குள் எட்டிப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"நேத்து பூசையில விபூதிப் பட்டை போட்டது நான்தான் அண்ணே. கை உள்ளே வரைக்கும் போயிருக்கு. சாம்பலை அளக்கிற இடத்துல நானே சாம்பலைப் பூசியிருக்கேன்."

"அத்தத் தொடைக்கணுமே மேடம். பூசை போட்டத எவன் தொடைப்பான்? நான் மாட்டேன்பா," என்று நண்பன் பின்னால் நகர்ந்தான்.

மேடமே புதுத் துணியால் துடைத்து, அதில் ஒட்டியதை நெற்றியில் இட்டுக்கொண்டு எங்களிடமும் நீட்டினார். நாங்களும் இட்டுக்கொண்டோம். பிறகு வேறு கரியை அரைத்துக் கொட்டி இயந்திரத்தைச் சுத்தம் செய்தேன். டப்பாவில் மிச்சமிருந்ததை இரண்டு பங்காக அரைத்துக் கொடுத்தேன். இரண்டுக்கும் ஒரே விடை.

சில மாதம் கழித்து மேடம் அரவை அறைக்கே ஓடி வந்தார். "அண்ணே, எல்லா நாட்டோடவும் ஒத்துப்போச்சு."

நான் இயந்திரத்தைத் தட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரமே துறைமுகத்திலிருந்து முதல் மூட்டை வந்தது.

இன்றும் அங்கேதான் வேலை. நேற்றும் பூசை போட்டோம். பட்டை மோட்டாரின் மேல் மட்டும்தான்.

1997, ஆயுத பூசைக்கு மறுநாள்.