பால்குடமும் பாமாயிலும்

என் கணவருக்குக் கடலையெண்ணெய் ஆகாது. இந்த நான்கு சொற்களை யாராவது எனக்குக் கல்யாணமான புதிதில் சொல்லியிருந்தால், அவர் இன்றைக்கும் தேக்கா சந்தையில் வடை சுட்டுக்கொண்டிருப்பார். சொல்ல ஆள் இல்லை. கண்டுபிடிக்கிற புத்தி எனக்கும் இல்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கடை என் மாமியார் போட்டது. அவர் காலத்தில் வாணலியில் கடலையெண்ணெய்தான். இந்தத் தீவில் கடலையும் விளையாது, எள்ளும் விளையாது. எங்கள் வாணலியில் என்ன காய வேண்டும் என்பதை எங்கேயோ இருக்கிற வயல்களும் கப்பல்களும் முடிவு செய்யும். மாவும் மிளகும் மட்டும்தான் எங்கள் அதிகாரம்.

அப்போது என் கணவர் பள்ளிக்கூடம் போகிற பையன். கடை வடையைத் தின்றால் உதடு தடிக்கும், உடம்பெல்லாம் அரிக்கும், சில நாள் மூச்சு இழுக்கும். சூட்டு உடம்பு என்று மோர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் மாமியார் முருகனிடம் வேண்டிக்கொண்டார்: பிள்ளைக்குச் சுகமானால் வருடம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பான். அதே சமயத்தில் கடலையெண்ணெய் விலை ஏறியது. பக்கத்து நாடுகளிலிருந்து பாமாயில் மலிவாக வந்து இறங்க, கடையும் பாமாயிலுக்கு மாறியது. இழுப்பு நின்றுபோனது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். எங்கள் வீட்டில் எண்ணெயை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

நான் மருமகளாக வந்தபோது இந்த அற்புதத்தை எனக்குக் கண்ணில் நீர் வரச் சொன்னார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் வறுத்த கச்சான் கடலையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சி வாங்கினால் அதோடு வரும் கடலைக் குழம்பைத் தள்ளி வைத்துவிடுவார். கேட்டால், "வாய்க்குப் பிடிக்கல, அவ்வளவுதான்," என்பார். சின்னப் பிள்ளை மாதிரி அடம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பாமாயில் காலம் வெகுநாள் ஓடியது. பிறகு ஆபீஸ் பிள்ளைகள் வந்து, "ஆன்ட்டி, இது பாமாயிலா? ஹெல்த்துக்கு நல்லதில்லையே," என்று மூக்கைச் சுருக்க ஆரம்பித்தார்கள். சூரியகாந்திக்கு மாறினோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய் டின்னை ஒரே மூச்சில் தூக்கி வைப்பார். காலையில் முதல் வடையைக் கடையில் இருக்கும் முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, விபூதி பூசி, பிறகு அதை அவர்தான் தின்பார். அந்த வழக்கம் ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

ஊரடங்கு போட்ட நோய்க்காலத்தில் இரண்டு வருடம் தைப்பூச ஊர்வலம் இல்லை. பால்குடம் எடுத்துக்கொண்டு நடக்க முடியாமல் போனது அவருக்கு உறுத்தல். "முருகனுக்குத் தெரியாதா லா," என்று வெளியே சொல்வார். சொல்லிவிட்டுப் படத்தைப் பார்ப்பார்.

அந்தச் சமயம் பார்த்து சூரியகாந்தி விளைகிற நாட்டில் சண்டை மூண்டது. டின் வரத்து குறைந்தது. பாமாயில் அனுப்புகிற நாடும் தன் ஜனங்களுக்கே போதவில்லை என்று கொஞ்ச நாள் கையை விரித்தது. எங்களுக்கு எண்ணெய் போடுகிறவர் ஒரு நாள் புது வெள்ளை டின்னை இறக்கினார்.

"இது என்னண்ணே?"

"வெஜிடபிள் ஆயில் கா. எல்லாம் கலந்தது. இப்பக் கெடைக்கிறதே பெருசு லா."

டின்னின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. என் மூக்குக்கண்ணாடி வீட்டில். எண்ணெய் காய்ந்ததும் ஒரு வாசம் எழும்பியது. அவர் கரண்டியை நிறுத்திவிட்டு மூச்சை இழுத்து முகர்ந்தார். "அம்மா சுட்ட வாசம்மா," என்று சிரித்தார். எனக்கு ஏனோ அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. வாடிக்கையாளர் கூப்பிட்டார், போய்விட்டேன்.

அந்த வாரமே அவருக்கு இருமல் பிடித்தது. உதடு தடித்தது. புக்கிட் மேராவில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். புதிதாக ஏதாவது சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார். ஒன்றும் புதிதில்லை என்று அடித்துச் சொன்னேன். அதே உளுந்து, அதே மிளகு, அதே உப்பு. எண்ணெயை நான் சொல்லவே இல்லை. எண்ணெயில் சுடுவோம்; அதைத் தின்கிறோம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மாத்திரையும் மூச்சுக்கு இழுக்கும் மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள்.

மருந்து எடுத்தால் அடங்கும், மறுபடி வரும். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பால்குடம் நின்றதும் பழைய சீக்கு திரும்பிவிட்டது. வேறென்ன காரணம் இருக்க முடியும்? "அடுத்த தைப்பூசத்துக்கு எடுத்தா சரியாயிரும்மா," என்றார். நானும் தலையாட்டினேன். அவரைவிட நான்தான் உறுதியாக நம்பினேன்.

ஊர்வலம் மறுபடி நடந்த வருடம் விரதம் இருந்தார். சாமிக்குப் படைக்கிற வடையைக் கண்ட கலப்பு எண்ணெயில் சுட எனக்கு மனம் வரவில்லை. சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் அப்போது செக்கெண்ணெய்தான் பேச்சு. பழையபடி ஆட்டியது, எதுவும் சேர்க்காதது என்று கண்ணாடிப் புட்டிகளில் அடுக்கியிருந்தார்கள். இருப்பதிலேயே உயர்ந்ததாகப் பார்த்துக் கடலையெண்ணெய் வாங்கினேன்.

டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்து, பாலைச் செலுத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. அத்தனை மாதம் கழித்து நிம்மதியாகச் சிரித்தார். வடையைப் படைத்து, எடுத்து இலையில் வைத்தேன். ஒன்றைத் தின்றார். தண்ணீர் கேட்டார்.

"போதும்மா. தொண்டை ஒரு மாதிரி பண்ணுது."

"பட்டினி கெடந்த வயிறுங்க, அப்படித்தான் இருக்கும். சாமி பிரசாதத்தைப் போதும்னு சொல்லக் கூடாது."

நான் வைத்ததைத் தின்றார். கொஞ்ச நேரத்தில் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தார். முகம் வீங்கியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் முருகா முருகா என்று கத்திக்கொண்டே அவர் முதுகைத் தடவினேன்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தமிழ் பேசுகிற ஒரு நர்ஸ் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். என்ன சாப்பிட்டார் என்றாள். வடை என்றேன்.

"எந்த எண்ணெய்ல சுட்டீங்க ஆன்ட்டி?"

என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "நல்ல செக்குக் கடலையெண்ணெய்ம்மா. சாமிக்குன்னு தேடி வாங்கினேன்," என்றேன்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் குரல் தணிந்திருந்தது.

"எத்தனை சாப்பிட்டாரு ஆன்ட்டி?"

"அவரா தின்னது ஒண்ணுதாம்மா," என்றேன். "மத்த ரெண்டும் நான் வச்சேன்."